மூட்டு மாற்று அறுவை: முதலில் அம்மாவைக் கேளுங்கள்

கேள்வி:

டாக்டர் ஐயா, எங்களுடையது காரிமங்கலம் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் தக்காளிக் காட்டிலும் ராகிக் காட்டிலும் வேலை செய்தவர். ஐந்தாறு வருஷமாக இரண்டு முழங்காலிலும் வலி. இப்போது கால் இரண்டும் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்துவிட்டன. பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் எடுத்த மூன்று மாதச் சராசரி 9.1. வலி தாங்காதபோது மெடிக்கலில் செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். மூன்று வாரத்துக்கு முன் வலது மூட்டில் ஊசியும் போட்டார்கள். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டினோம். இரண்டு மூட்டையும் ஒரே நாளில் ரோபோ மூலம் மாற்றிவிடலாம், ஐந்தரை லட்சம் ஆகும், அடுத்த வாரமே வந்து சேருங்கள் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, ஆபரேஷன் செய்தால் படுக்கைதான் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா செய்துகொண்டு, காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் இருக்கிறார். பிளேட் எத்தனை வருஷம் வரும்? அதற்குப் பிறகு தரையில் உட்காரலாமா? அம்மாவைக் கேட்டால், "நீயே பாத்து செய்யுடா" என்பதோடு சரி. நான் என்ன செய்வது?

பதில்:

அடுத்த வாரம் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை தேவைப்படலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தேவைப்படும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சர்க்கரை 9.1ல் நிற்கும்போது, மூட்டுக்குள் ஊசி போட்டு ஒரு மாதம்கூட ஆகாதபோது, அதே மூட்டைத் திறப்பது சரியில்லை. இது குடல்வால் வெடித்த மாதிரியான அவசரம் அல்ல. பல வருஷமாகத் தேய்ந்த மூட்டு இன்னும் மூன்று மாதம் காத்திருக்கும்.

அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் வேலை, அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவது.

உங்கள் கடிதத்தில் அம்மாவின் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வரிதான். நம் பக்கத்து அம்மாக்கள் அப்படித்தான். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது, அவன் வேலைக்கு லீவு போடக் கூடாது என்று வலியைக்கூடக் குறைத்துத்தான் சொல்வார்கள். "ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் உங்களுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். வேறு மாதிரி கேளுங்கள். ராத்திரி வலியில் முழிப்பு வருகிறதா? கடைசியாக எப்போது நிற்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்? முன்பு செய்து, இந்தக் காலால் நின்றுபோன வேலை எது? அதில் எது திரும்பக் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்? எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டிருந்தும் காட்டுக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். படத்துக்கு அறுவை செய்யக் கூடாது. நடை நின்றுபோனவருக்குத்தான் செய்ய வேண்டும்.

புளி உடைத்துக் கொட்டை எடுக்கிற ஒரு அம்மா என்னிடம் வந்தார். மூட்டு நன்றாகத் தேய்ந்திருந்தது. மகன்கள் பணத்தோடு தயாராக வந்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன செய்ய ஆசை என்று அவரைக் கேட்டேன். "வேற என்ன சாமி, வலியில்லாம உக்காந்து புளி உடைக்கணும்" என்றார். தரையில் சம்மணம் போட்டு, நாள் முழுக்க. அதுதான் இந்த அறுவையால் கிடைக்காத ஒன்று. நடை கிடைக்கும், ராத்திரித் தூக்கம் கிடைக்கும், தரை கிடைக்காது. இதைச் சொன்னதும் மகன்கள் முகம் மாறிவிட்டது. அவர்களில் யாருமே அம்மாவிடம் இதைக் கேட்டதில்லை. அன்றைக்கு அறுவைப் பேச்சை நிறுத்தினோம். ஒரு பெஞ்சும் அதற்கேற்ற உயரத்தில் ஒரு பலகையும் செய்துகொடுத்து, வேலையைத் தரையிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அவரே வந்து, "இப்ப நடக்கவே முடியல, போட்டுடுங்க" என்றார். அப்போது செய்தோம். என்ன கிடைக்கும், என்ன போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் பெஞ்சில் உட்கார்ந்துதான் புளி உடைக்கிறார்.

ஆகவே தரையில் உட்காரலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இது: மாற்றிய மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரை மடங்கும். நாற்காலியில் உட்கார, படி ஏற, பஸ் ஏற அது போதும். குத்துக்காலிட்டு உட்காரவும் சம்மணம் போடவும் அதற்கு மேலே மடங்க வேண்டும். சிலருக்கு மடங்கும், ஆனால் மடங்குகிறது என்பதற்காகத் தினமும் தரையில் உட்காருவதை நான் ஊக்குவிப்பதில்லை. இப்போதே வீட்டில் உட்கார்ந்து போகிற மாதிரியான டாய்லெட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கட்ட இடமில்லை என்றால் நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி போதும்.

அடுத்து, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். அம்மாவின் பல்லைப் பாருங்கள். பழுப்புக் கறை இருக்கிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைத்தான் இங்கே ஒரு தலைமுறையே குடித்து வளர்ந்தது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். காவிரித் தண்ணீர் இன்றைக்குக் குழாயில் வரலாம். ஆனால் அம்மா பிறந்து 50 வருஷத்துக்கு மேல் குடித்தது கிணற்றையும் போரையும்தான். அந்த ஃப்ளோரைடு எலும்பில் தங்கும். எலும்பு கல் மாதிரி இறுகும். மூட்டைச் சுற்றியுள்ள நார்களில் சுண்ணாம்பு படியும். முதுகும் கழுத்தும் மரக்கட்டை மாதிரி விறைக்கும். சிலருக்கு முதுகெலும்புக்குள் இடம் குறைந்து தண்டுவடத்தையே நெரிக்கும். அப்போது கால் இழுக்கும், தடுமாறும், முழங்கால் வலிக்கிற மாதிரியும் இருக்கும். மூட்டை மாற்றினாலும் அந்த நடை திரும்பாது. காரணம் முதுகில் இருக்கிறதே.

இதை வீட்டிலேயே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். அம்மா நடக்கும்போது செருப்பு காலிலிருந்து நழுவினது தெரியாமல் நாலடி நடந்துவிடுகிறாரா? பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாரா? கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறாரா? மல்லாந்து படுத்தால் தலை தரையில் படியாமல், தலையணை இல்லாமல் படுக்கவே முடியவில்லையா? சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா? இதில் எது இருந்தாலும் மூட்டுக்கு முன்னால் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருஷச் சர்க்கரையாலும் பாதம் மரத்துப் போகும், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு கெட்டு, வலி முழங்காலில் தெரிகிற ஆட்களும் உண்டு. இரண்டு முழங்காலையும் மட்டும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி இந்த மூன்று மாதக் கணக்கு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால், அதே மூட்டில் அறுவை செய்ய குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும். அதற்குள் செய்தால் கிருமி பிடிக்கும் வாய்ப்பு கூடும். உலோகம் வைத்த மூட்டில் கிருமி ஏறினால் மாத்திரையால் போகாது. மறுபடி திறக்க வேண்டும், சில சமயம் வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி வைக்க வேண்டும். 100 பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வரும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது கூடுதல். மூன்று மாதச் சராசரி 8க்குக் கீழே வர வேண்டும், 7.5 என்றால் எனக்கு நிம்மதி. கூடவே சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், பித்தவெடிப்பு எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். பித்தவெடிப்பையெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், கிருமி உள்ளே போக அந்தப் பிளவு போதும். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். காயம் ஆறுவதை அது கெடுக்கும். ரத்தச் சத்து (ஹீமோகுளோபின்) குறைவாக இருந்தால் அதையும் இப்போதே கூட்ட வேண்டும்.

செட்டு மாத்திரையை இன்றோடு நிறுத்த வழி பாருங்கள். கவரில் பேர்கூட இல்லாமல் மடித்துத் தருகிற அந்த நாலைந்து மாத்திரையில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் பல சமயம் இருக்கும். அம்மாவின் சர்க்கரை ஏறி நிற்க அதுவே ஒரு காரணமாக இருக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரொம்ப நாள் தினமும் போட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல், டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்துங்கள். சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

வலிக்கு என்ன செய்வது? ஒரு கைத்தடி வாங்கிக் கொடுங்கள். வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் வலித்தால் இடது கை. பத்தில் எட்டுப் பேர் தப்பான கையில்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடிக்கும் மூட்டின் மேல் ஏறும் பாரம் கிட்டத்தட்ட நாலு கிலோ குறைகிறது. அப்புறம் ஒரு பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருந்து மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலை, மதியம், ராத்திரி. தொடையின் முன் தசை கெட்டிப்படும். இதிலேயே வலி குறைந்து அறுவையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அறுவைக்குத்தான் போகிறோம் என்றாலும் நஷ்டமில்லை. பலமான தொடையோடு போகிறவர் சீக்கிரம் எழுந்து நடப்பார்.

இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமா? வயது குறைந்து, இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்து, சர்க்கரை இல்லாதவர்களுக்குச் செய்யலாம். ஒரே மயக்கம், ஒரே செலவு, ஒரே ஓய்வு. ஆனால் ரத்த இழப்பு, இதயத்தின் மேல் சுமை, ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது எல்லாமே கூடும். 66 வயதும் பத்து வருஷச் சர்க்கரையும் உள்ள உங்கள் அம்மாவுக்கு நான் ஒவ்வொன்றாகத்தான் செய்வேன். வலி அதிகமுள்ள கால் முதலில். மூன்று மாதம் கழித்து, அந்தக் காலை நம்பி நிற்கத் தொடங்கிய பிறகு, அடுத்தது. ஒன்று நேராகி மற்றது வளைந்திருக்கும் அந்த மூன்று மாதமும் நடை கொஞ்சம் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன செய்கிறோம் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். மூட்டையே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல்லுக்குக் கேப் போடுகிற மாதிரிதான். தொடை எலும்பின் முனையிலும் கால் எலும்பின் தலையிலும் தேய்ந்த பகுதியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, மேலே உலோகத் தொப்பி, கீழே உலோகத் தட்டு, நடுவில் வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக். எலும்பு சிமெண்டால் ஒட்டுவோம். வளைந்த கால் நேராகும். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போடுவதால் முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. அன்று மாலையோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுவோம். படுக்கைதான் என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில்.

பிளேட் எத்தனை வருஷம் என்றால், வெளிநாடுகளில் பல்லாயிரம் பேரைப் பதிவு செய்து பார்த்ததில், 25 வருஷம் கழித்தும் 100க்கு 82 முழங்கால்கள் மாற்றாமலே ஓடிக்கொண்டிருந்தன. 66 வயதுக்கு அது போதும். இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். ஐந்தில் ஒருவர், மூட்டு சரியாக உட்கார்ந்திருந்தும், நினைத்த அளவு நிம்மதி இல்லை என்கிறார். இதை முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை.

ரோபோவைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. எலும்பைச் சீவும் கோணம் துல்லியமாக அமைய அது உதவுகிறது. சில வருஷம் கழித்து நடையிலும் வலியிலும் பெரிய வித்தியாசம் தெரிவதாக இதுவரை நிரூபணம் இல்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். நன்கு பழகிய கை இருந்தால் போதும்.

பணம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. டைட்டானியம் வகை 76,600. மூட்டின் விலையைப் பில்லில் தனியாக, கம்பெனிப் பேரோடும் பேட்ச் எண்ணோடும் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷம் கழித்து ஏதாவது செய்ய வேண்டி வந்தால் அந்த எண்தான் உதவும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை வாங்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு ஒரு தடவை போய்க் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்று ஒதுக்க வேண்டாம்.

உங்கள் தெரு அக்காவின் கதைக்கு வருகிறேன். அவர் கால் ஏன் அப்படியானது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அடிக்கடி நடப்பது ஒன்று இருக்கிறது, அது என் வீட்டிலேயே நடந்தது. என் பெரியம்மாவுக்கு நானே மூட்டு மாற்றினேன். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தையல் பார்க்கப் போனால், கட்டிலில் படுத்திருக்கிறார், முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை. "வலி தெரியாம இருக்குதுப்பா" என்றார். மகள் பாசத்தோடு வைத்தது. கால் அந்த மடக்கிலேயே இறுகியிருந்தது. குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் என் கை புகுந்தது, முழங்கால் கீழே இறங்கவே இல்லை. அதை நேராக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவர் அழுதார். தலையணை வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை அன்று வீட்டில் சொல்லாமல் விட்டது என் தவறு. அதிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது துணைக்கு இருப்பவரைக் கூப்பிட்டு, செய்து காட்டாமல் அனுப்புவதில்லை.

படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் எதுவும் வேண்டாம். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தன் பாரத்தாலேயே கீழே இறங்கி நேராகும். பின் தொடை இழுக்கும், வலிக்கும், அழுகையும் வரலாம். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, பத்து நிமிஷம். கூடவே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்கிப் பழக வேண்டும். இரண்டு வாரத்தில் 90 பாகை வந்துவிட்டால் நல்லது. பயிற்சிக்கு அரைமணி முன்னால் டாக்டர் கொடுத்த வலி மாத்திரை, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ். முதல் ஆறு வாரம் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். யார் இருப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தக்காளி அறுப்பு நேரத்தில் வீட்டில் ஆளில்லை என்றால் அறுவையையே அதற்கு அப்புறம் தள்ளி வையுங்கள்.

தையல் இரண்டு வாரத்தில் பிரிக்கலாம். வாக்கர் மூன்று வாரம் போல, பிறகு தடி. மூன்று மாதத்தில் ஓரளவு நம்பிக்கை வரும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம். மூட்டு சில மாதங்களுக்குச் சூடாக இருப்பதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும், நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்பதும் சகஜம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, புண்ணிலிருந்து நீர் கசிந்தாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றே வர வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் எத்தனை வருஷம் ஆனாலும் பல் பிடுங்கப் போகும்போது மூட்டு வைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். உடம்பில் எங்கே புண் பழுத்தாலும் நாட்டுக் கட்டுப் போட்டு வைத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போகும்போது நின்றபடி எடுத்த இரண்டு முழங்கால் எக்ஸ்ரே, புதிய சர்க்கரை ரிப்போர்ட், அம்மா போடுகிற எல்லா மாத்திரையும் ஒரு பையில் இருக்கட்டும். வலி எங்கே, எத்தனை தூரம் நடக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அம்மா முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். கொஞ்சம் பொறுங்கள், அவரே சொல்வார்.